‘கபூல்’ சொல்வதற்கு முன்

(மும்பையில் நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வக்கீல் பேசுகிறார் என்று நோட்டீஸில் போட்டால், உயில் எழுதுவது எப்படி என்றுதான் பேசப் போகிறார் என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். முன் வரிசையில் இரண்டு மாமாக்கள் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். மன்னிக்க வேண்டும். உயிலைப் பற்றி இதே மேடையில் இரண்டு தடவை பேசியாகிவிட்டது. இன்றைய தலைப்பை நானே செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். சில்லறைக் கிரிமினல் கேஸ்கள் பற்றிப் பேசப் போகிறேன்.

“நமக்கும் கிரிமினல் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?” என்று பின்னால் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊர் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுகளில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறையவே சம்பந்தம் உண்டு. தெருக் கிரிக்கெட்டில் கைகலப்பு. சொஸைட்டி மீட்டிங்கில் வாய்ச்சண்டை முற்றி ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்தது. ஸ்கூட்டரில் போகும்போது ஒருவர் மேல் இடித்தது. ஆபீஸ் பார்ட்டி முடிந்து காரை எடுத்தது. ஒன்பது மணி லோக்கலைப் பிடிக்கத் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டியது. இவை எல்லாவற்றிலும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டொரு தடவை மாமாக்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு கதை. கதை என்கிறேனே தவிர, நடந்தது. இதில் தப்பு செய்தவன் நான்.

1994. எங்கள் கட்டடத்தில் ஒரு பையன். அப்போது அவனுக்கு வயது 20, பி.காம். கடைசி வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டு ஒரு டாக்ஸியின் கண்ணாடி உடைந்தது. பேச்சு வளர்ந்து அடிதடி ஆயிற்று. இரண்டு பக்கமும் தலா நான்கைந்து பேர். பீட் கான்ஸ்டபிள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைத்தது என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 160-ஆவது பிரிவில் வழக்கு. அன்று அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, அல்லது 100 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது.

அவன் அப்பா ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளிறிப் போயிருந்தது. “கவலைப்படாதேள், நான் பார்த்துக்கறேன்” என்றேன். பத்து நாள் கழித்துக் கோர்ட். அன்று எனக்கு இன்னொரு கோர்ட்டில் ஃபீஸ் வாங்கிய பெரிய கேஸ் ஒன்று பதினொரு மணிக்கு இருந்தது. அதற்குள் இதை முடித்துவிட்டு ஓட வேண்டும். வராந்தாவில் அந்தப் பையனிடம் சொன்னேன்: “ஜட்ஜ் ‘குன்ஹா கபூல் ஆஹே கா?’ன்னு கேப்பார். ‘கபூல்’னு சொல்லிடு. நூறு ரூபாய் ஃபைன். அதோட தீர்ந்தது.”

“மாமா, முதல்ல அடிச்சது நான் இல்லையே. தடுக்கத்தானே போனேன்?” என்றான்.

“அதையெல்லாம் சொன்னா ரெண்டு வருஷம் அலையணும்டா. காலேஜுக்குப் போகணுமா, கோர்ட்டுக்கு வரணுமா?” என்றேன்.

அவன் ‘கபூல்’ என்றான். முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நூறு ரூபாயை என் பையிலிருந்தே கட்டினேன். அவன் அப்பா திருப்பிக் கொடுக்க வந்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

1998-ல் அவனுக்கு மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் நல்ல வேலை கிடைத்தது. எழுத்துத் தேர்வு, இண்டர்வியூ எல்லாம் தாண்டி வந்தான். சேருவதற்கு முன் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். ‘நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? உங்கள் மேல் வழக்குத் தொடரப்பட்டதுண்டா? கோர்ட் அபராதம் விதித்ததுண்டா? தண்டனை உண்டா?’ என்று வரிசையாகக் கேள்விகள். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தான். “மாமா, இதுக்கு என்ன எழுதறது?” என்று கேட்டான்.

“அது ஒரு கேஸே இல்லைடா. ‘இல்லை’ன்னு போடு” என்றேன்.

ஃபாரத்தின் தலைப்பிலேயே, தகவலை மறைத்தால் அது தகுதியிழப்பு என்று அச்சடித்திருந்தது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிக்கவில்லை. போலீஸ் சரிபார்ப்பு முடிந்து காகிதம் வந்து சேர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. 2000-ல், தகுதிகாண் பருவம் முடிவதற்குள், ஒரு பக்கக் கடிதத்தில் வேலை போயிற்று. தெருச் சண்டையைக் காரணமாகக் காட்டவில்லை. ‘இல்லை’ என்று எழுதியதைத்தான் காட்டினார்கள். சண்டையில் அவனுக்கு இருந்த பங்கு கொஞ்சம்தான். மற்ற இரண்டு வார்த்தைகளும், அந்தக் ‘கபூல்’, இந்த ‘இல்லை’, இரண்டுமே நான் சொல்லிக் கொடுத்தவை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இப்போது சட்டங்களின் பெயர்கள் மாறியிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதீய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். நான் சொன்ன 160-ஆவது பிரிவு இப்போது 194. அபராதம் 1,000 ரூபாய் வரை. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இரண்டு வருஷம் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றங்களில் மாஜிஸ்டிரேட் குற்றச்சாட்டின் விவரத்தைச் சொல்லி, ‘ஒப்புக்கொள்கிறாயா, எதிர்வாதம் உண்டா’ என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், அதைக் கூடியவரை குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும். அதன் பேரில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கலாம். ‘அளிக்கலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது, ‘அளித்தே ஆக வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்தப் பையன், “நான் தடுக்கத்தான் போனேன்” என்று என்னிடம் சொன்னதை மாஜிஸ்டிரேட்டிடம் சொல்லியிருந்தால், அது ஒப்புதலே ஆகியிருக்காது. வழக்கு விசாரணைக்குப் போயிருக்கும்.

அப்பீல் செய்யலாமே என்பீர்கள். ஒப்புக்கொண்டு வந்த தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. தண்டனையின் அளவு அல்லது சட்டப்பூர்வமான தன்மை பற்றி மட்டும்தான் கேள்வி எழுப்பலாம். ஒரு மாஜிஸ்டிரேட் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்திருந்தால் பொதுவாக அதற்கும் வழியில்லை. ஆக, தண்டனை எவ்வளவு சின்னதோ, அதை மாற்றும் கதவும் அவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் இல்லை. ஹரியானாவில் ஒரு கடைநிலை அரசு ஊழியர். பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாக 294-ஆவது பிரிவில் வழக்கு. 1980-ல் ஒப்புக்கொண்டார். அபராதம் 20 ரூபாய். அந்த 20 ரூபாய்க்காக வேலை போயிற்று. அவர் படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்தப் பிரிவில் தண்டனை என்பதாலேயே அது ஒழுக்கக்கேடான குற்றம் ஆகிவிடாது என்றார்கள் நீதிபதிகள். அதோடு நிற்கவில்லை. தொல்லை விட்டால் போதும் என்று ஆயிரக்கணக்கானவர்கள், முக்கியமாக இளவயதினர், சின்ன அபராதம் கட்டிவிட்டுப் போகிறார்கள். அது அவர்கள் எதிர்காலத்தையே அழிக்கிறது. ஆகவே சுமார் 2,000 ரூபாய் வரை அபராதம் விதித்த தீர்ப்புகளை எந்தக் காரியத்துக்கும் தண்டனையாகக் கருதக் கூடாது என்று சட்டம் செய்யுங்கள் என்று பார்லிமெண்டைக் கேட்டுக்கொண்டார்கள்.

அப்படி ஒரு பொதுச் சட்டம் இன்றுவரை வரவில்லை. 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் தளர்த்தியது. அது நல்ல காரியம்தான். ஆனால் தெருச் சண்டைக்கும் கைகலப்புக்கும் அதில் நிவாரணம் இல்லை.

கவனியுங்கள். அந்தத் தீர்ப்பு வந்தது 1996. பையன் ஃபாரத்தை என்னிடம் கொண்டுவந்தது 1998. இரண்டு வருஷத்துக்கு முன் வெளியான தீர்ப்பு. நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தால், “உண்மையை எழுது, கூடவே இந்தத் தீர்ப்பின் நகலையும் வை” என்று சொல்லியிருப்பேன். நம் பையன் கடைசி வரை போராடவில்லை. ஒரு நோட்டீஸ் அனுப்பினோம், பதில் வந்தது, அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று, அத்துடன் விட்டுவிட்டான்.

அடுத்து, பின்விளைவுகள் எங்கெங்கே வருகின்றன என்று பார்க்கலாம்.

முதலாவது, வேலை. அரசு ஊழியர் ஒருவருக்குக் கிரிமினல் வழக்கில் தண்டனை ஆனால், அதற்குக் காரணமான நடத்தைக்காக, வழக்கமான துறை விசாரணை இல்லாமலே வேலையிலிருந்து நீக்க அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. மத்திய அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிக நீக்கத்தில் இருப்பதாகக் கொள்ளப்படுவார். நம்மவர்கள் நிறையப் பேர் பேங்கில் இருக்கிறார்கள். ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவரை எந்த வங்கியும் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. சிறுதொகை ஏமாற்று, சின்னத் திருட்டு, பொய்க் கையெழுத்து என்றால் அபராதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தப் பிரிவில் போய் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, பாஸ்போர்ட். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. தண்டனை காரணமாகப் பாஸ்போர்ட் மறுக்க வேண்டுமானால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருஷத்துக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை ஆகியிருக்க வேண்டும். நூறு ரூபாய் அபராதம் அதில் வராது. ஆனால் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். அதனால், “பையன் அமெரிக்கா போகணும், கேஸை ஒப்புக்கொண்டு சீக்கிரம் முடித்துவிடலாம்” என்று பெற்றோரே அவசரப்படுகிறார்கள். அது வேண்டாம். 1993 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனுப் போட்டு வெளிநாடு போக அனுமதி வாங்கினால், குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும். வழக்கையும் நடத்தலாம், வெளிநாட்டுக்கும் போகலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். அது தனிக் குற்றம், இரண்டு வருஷம் வரை சிறை.

மூன்றாவது, விசா. அமெரிக்க விசா விண்ணப்பம் ‘எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா’ என்று கேட்கிறது. மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று கேள்வியிலேயே இருக்கிறது. கனடா இன்னும் கண்டிப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு அங்கே அதிகபட்சத் தண்டனையை 2018 டிசம்பரில் பத்து வருஷமாக உயர்த்திவிட்டார்கள். ஆகவே வெளிநாட்டில் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரையும் கடுங்குற்றம் செய்தவர் என்று சொல்லி உள்ளே விட மறுக்கலாம். இங்கே நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘பத்தாயிரம்தானே, கட்டிவிட்டு வந்துவிடலாம்’ என்று போகிற இளைஞர், டொரண்டோவில் வேலை கிடைக்கும்போதுதான் முழு விலையைத் தெரிந்துகொள்வார்.

ஹெல்மெட் போடாததற்குச் சலான் கட்டியவர்கள் பயப்பட வேண்டாம். அது கோர்ட்டுக்குப் போகாமல் இணக்கத் தொகை கட்டித் தீர்ப்பது. கோர்ட் தண்டனை வேறு.

இனி, அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில்: ‘என்.சி.’ என்று மும்பையில் சொல்கிறோமே, அந்த வகைக் குற்றத்தில் மாஜிஸ்டிரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது, வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. சாதாரணக் காயம் உண்டாக்கியது அந்த வகை. மற்றவற்றில், ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் கைது இயந்திரம்போல நடக்கக் கூடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுப்பார்கள். நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்ளாமல் போங்கள். ஒழுங்காக ஆஜராகிறவரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. இங்கிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மூன்று வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயதைத் தாண்டியவரைக் கைது செய்ய, டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அதற்காக சொஸைட்டி மீட்டிங்கில் தைரியமாகக் கை ஓங்கலாம் என்று அர்த்தம் இல்லை!

போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது.

கோர்ட்டில்: முதல் நாளே ‘கபூல்’ சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘ஆவணங்களைப் படித்து வக்கீலிடம் கலந்துகொள்ள அவகாசம் வேண்டும்’ என்று கேளுங்கள். பிறகு பல வழிகள் இருக்கின்றன.

ஒன்று, வழக்கை நடத்துவது. காலக்கெடு தாண்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அபராதம் மட்டுமே உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள்ளும், ஒரு வருஷம் வரை சிறை உள்ளதை ஒரு வருஷத்துக்குள்ளும் கோர்ட் விசாரணைக்கு ஏற்க வேண்டும். சாட்சி யார், காயம் பற்றி டாக்டர் சர்ட்டிஃபிகேட் என்ன சொல்கிறது, சம்பவம் நடந்தது பொது இடமா என்பதெல்லாம் பிறகு.

இரண்டு, சமரசம். சாதாரணக் காயம், வசவு, மிரட்டல் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் கோர்ட்டிலேயே சமரசமாகப் போகலாம். அப்படி முடிந்தால் விடுதலை செய்ததற்குச் சமம். அக்கம்பக்கத்துச் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் எல்லாப் பிரிவுக்கும் இது கிடையாது. நம் பையனின் பிரிவுக்குக் கிடையாது. கவனமில்லாமல் வண்டி ஓட்டியதற்கான பிரிவுக்கும் கிடையாது. அங்கே இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டால், வழக்கை ரத்து செய்யக் கோரி ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். செலவு அதிகம், ஆனால் வழி உண்டு.

மூன்று, நன்னடத்தைச் சட்டம், 1958. குற்றம் நிரூபணமானாலும் முதல் தடவை என்றால், கண்டித்து விட்டுவிடும்படியோ, நன்னடத்தைப் பத்திரத்தில் விடும்படியோ கேட்கலாம். அதன் 12-ஆவது பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. தீர்ப்பே அழிந்துவிடாது, ஃபாரத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வெறும் அபராதத்தைவிட இது பல மடங்கு மேல். கேட்டால்தான் இது நினைவுக்கு வரும். நான் 1994-ல் கேட்கவில்லை.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் விஷயமே வேறு. சிறார் நீதிச் சட்டம், 2015, பொதுவாக எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. அப்பீல் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. ஆகவே போலீஸிடம் போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மறக்காமல் கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு அப்படிப் பதிவைத் துடைத்துவிடும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை.

‘அப்படியானால் தப்பு செய்தவனும் இல்லை என்று சாதிக்க வேண்டுமா?’ என்று ஒரு மாமி கேட்கிறார். நல்ல கேள்வி. நான் அப்படிச் சொல்லவே இல்லை. உண்மையிலேயே செய்திருந்து, விளைவு முழுவதையும் தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்டால், அது மனுஷத்தனம். அடிபட்டவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள், வைத்தியச் செலவைக் கொடுங்கள். பதினொரு மணிக்கு வேறு கேஸ் இருக்கிறது என்று வக்கீல் சொன்னதற்காக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, அந்த ஃபாரம். இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்குமென்றால் இது நிற்கட்டும். கேட்ட கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். டில்லி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், சமரசமாகி விடுதலையான ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் விட்ட விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இளம் வயதில் செய்யும் தவறுக்கு ஆயுள் முழுக்க முத்திரை குத்தக் கூடாது என்று 2011-ல் நீதிபதிகள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். 2016-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதையெல்லாம் வரிசைப்படுத்திச் சொன்னது. சொல்லியிருந்தால் வேலைக்குத் தடையாகியிருக்காத அற்ப வழக்கு என்றால், மறைத்ததையும் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்றது. ‘மன்னிக்கலாம்’தான். அது அவர் கையில் இருக்கிறது. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை நிச்சயம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் அவர் நிற்கும் இடம் கெட்டியானது. கேட்காததை வலியப் போய்ச் சொல்ல வேண்டாம். கேட்டதை மறைக்க வேண்டாம். கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்றை வீட்டில் பத்திரமாக வையுங்கள். பழைய சில்லறைக் கேஸ் கட்டுகளைக் கோர்ட்டில் காலாகாலத்தில் அழித்துவிடுவார்கள். பிறகு எந்தப் பிரிவு, எவ்வளவு அபராதம் என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறான். வருமானம் குறைவில்லை, பென்ஷன் இல்லை. அவன் அப்பா கண்ணை மூடும்வரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டேன். “சொல்லுங்கோ மாமா, பேர் மட்டும் வேண்டாம்” என்றான்.

அவன் மகன் போன வருஷம் தண்டவாளத்தைத் தாண்டி ரயில்வே போலீஸிடம் பிடிபட்டான். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். அப்பா, மகனை என்னிடமே கூட்டிக்கொண்டு வந்தான். அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பையனை உட்காரவைத்து, இன்று உங்களிடம் சொன்ன அத்தனையும் ஒரு மணி நேரம் சொன்னேன். “தாண்டினேன் தாத்தா, அது நிஜம்தானே” என்றான். நானும் கூடப் போனேன். நன்னடத்தைச் சட்டத்தில் கண்டித்து விடும்படி கேட்டேன். மாஜிஸ்டிரேட் ஒத்துக்கொள்ளவில்லை. 500 ரூபாய் அபராதம். அவன் பணத்தில் அவனே கட்டினான். உத்தரவின் நகலை வாங்கி வைத்தோம்.

இந்த வருஷம் அவன் ஒரு அரசு வேலைக்கு ஃபாரம் நிரப்பினான். ‘கோர்ட் அபராதம் விதித்ததுண்டா?’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதி, தேதி, பிரிவு, தொகை எல்லாம் ஒரு தனித் தாளில் குறித்து, நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. நானும் அவன் அப்பாவும் அவனைவிட அதிகமாகத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். சம்மன் வந்தாலோ, இப்படிப்பட்ட ஃபாரம் கையில் வந்தாலோ, கையெழுத்துப் போடுவதற்கு முன் கொண்டு வாருங்கள். ஃபீஸ் ஒரு டம்ளர் காபி. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன்.